பிள்ளையின் தளர்ந்த கைக்கு வீட்டிலேயே பயிற்சி

கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டிய பக்கம் இது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் அவர்கள்தானே!

பிறந்த பிள்ளை ஒரு கையை மட்டும் தூக்காமல் போட்டுக் கிடக்கிறதா? விரல்கள் அசைந்தாலும் முழங்கை மடங்கவில்லையா? உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கிறதா? பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு இப்படி ஆகலாம். எடை கூடிய பிள்ளைக்கும், சர்க்கரை நோயுள்ள தாயின் பிள்ளைக்கும் இதற்கு வாய்ப்பு அதிகம். "கிரகணத்துல வெளியே போனா, அதான்" என்று தாயைக் குற்றம் சொல்லுவது வீண் பேச்சு.

காறை எலும்பு முறிந்தாலும் பிள்ளை கையை அசைக்காது. ஆகையால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சியை என்றைக்குத் தொடங்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நரம்பு சில மாதங்களில் தானாகவே தேறிவிடும். "தானா சரியாகும்னா பயிற்சி எதுக்கு?" என்று கேட்பீர்கள். நரம்பு தேறும்வரை கை அசையாமல் கிடந்தால் தோள் மூட்டு இறுகிப்போகும். பிறகு நரம்பு தேறினாலும் கை மேலே உயராது. பயிற்சி நரம்பை வளர்ப்பதில்லை. மூட்டை இறுக விடாமல் காக்கிறது. இறுகிய மூட்டோடு வளர்ந்த பிள்ளைக்குத் தலை சீவுவதும் சட்டை போடுவதும்கூடக் கஷ்டம்தான்.

இயன்முறை மருத்துவர் பிள்ளையைப் பார்ப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கையில்தான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1975-ல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளின் வீட்டுக்கே போய்த் தாய்மாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். படித்த தாய், படியாத தாய் என்ற பேதம் இதில் இல்லை. கை பழகினால் போதும்.

பழகுவது எப்படி? அவர் செய்வதைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. அவர் முன்னாலேயே நீங்கள் செய்து காட்டணும், பிழையிருந்தால் அவர் திருத்தணும். பிள்ளையின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மடக்கி, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்புவது முக்கியமான பயிற்சி. இந்தக் கை உள்பக்கமாகவே இறுகும் என்பதால் இதை ஒருநாளும் விடக்கூடாது. தோள்பட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பிள்ளையின் கையைக் காதோரம்வரை உயர்த்துவது இன்னொன்று. முழங்கையை மடக்கி நீட்டுவதும், உள்ளங்கையை மேலே திருப்புவதும் உண்டு. எல்லாம் மெதுவாக. துணி மாற்றும்போதெல்லாம் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பிள்ளை வலியில் வீறிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்துக் கையைப் பிடித்து இழுத்து நீவுவது நம் பக்கத்து வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது அறவே கூடாது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. தூக்கும்போது தளர்ந்த கை தொங்காமல் வயிற்றின்மேல் இருக்கட்டும். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது கடைசியில் எடுங்கள். அந்தக் கையில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சூடு தெரியாது, ஆகவே ஒத்தடம் வேண்டாம்.

பேறுகாலத்துக்குத் தாய்வீடு போன மனைவி மட்டும் பழகிவருவதும், கணவன் எட்ட நின்று பார்ப்பதும் சரியல்ல. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர், வேலை முடிந்து வந்து கைகழுவி ஒரு சுற்றுச் செய்யலாமே! ஆம்பிளை கை முரடு என்று ஒதுங்க வேண்டாம்.

ஒரு தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்: பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைகிற நாள். அதற்குள் முழங்கையைத் தானாக மடக்கவில்லையென்றால், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். நரம்பு அறுவை தேவையா என்று நிபுணர் பார்க்க வேண்டிய நேரம் அது. விரல்களும் சேர்ந்து துவண்டிருந்தாலோ, அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்திருந்தாலோ மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

புதுக்கடைப் பக்கத்துக்காரர்கள் முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அவர்கள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடியும் வருகிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். மறுபடி கர்ப்பமானால் முதல் பரிசோதனையிலேயே "மூத்ததுக்குப் பிரசவத்துல தோள் சிக்கிச்சு" என்று சொல்லி, அதைக் கர்ப்பகால அட்டையில் எழுத வையுங்கள். சர்க்கரைப் பரிசோதனையையும் அன்றைக்கே கேளுங்கள்.