வீடு யார் பேரில்?

சாயா சொல்லியாச்சு. வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? சிலர் நாயகன் யார் என்று பார்ப்பார்கள். சிலர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். எனக்குச் சமீபமாக வேறொரு பழக்கம் தொற்றியிருக்கிறது. கதை நடக்கிற வீடு யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

பூதப்பாண்டிக்காரனுக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. தோவாளைத் தாலுகாவின் தலைமையிடம் இது. பட்டா மாற்றவும் நிலத்தை அளக்கவும் மஞ்சப்பையோடு வருகிற ஆட்களை நாளும் பார்க்கிறோம். இந்த வட்டாரத்து எழுத்தாளர்களை வரிசையாகத் திரும்பப் படித்தபோது, அந்த மஞ்சப்பை எல்லாக் கதைகளுக்குள்ளும் இருப்பது தெரிந்தது. மனஸ்தாபம், காதல், கண்ணீர் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சொத்துக் கணக்கு ஓடுகிறது. அது பிடிபட்டால் கதையும் பிடிபடும்.

முதலில் கவிமணி. தேரூரில் 1876-இல் பிறந்தவர். பலருக்கு அவர் பசுவும் கன்றும் பாடிய பள்ளிக்கூடக் கவிஞர், அவ்வளவுதான். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ படித்தவர்களுக்கு வேறொரு கவிமணியைத் தெரியும். குறும்பும் கோபமும் சேர்ந்த ஆள். ஆனால் இன்றைக்கு அதை எடுக்கிறவர்கள் நாலைந்து பக்கத்தில் திணறிவிடுகிறார்கள். தமிழ் கடினம் என்பதால் அல்ல. அந்தக் குடும்பக் கணக்கு தெரியாததால். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

இங்கே மருமக்கள் என்றால் சகோதரியின் பிள்ளைகள். அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பச் சொத்தை ஆள்பவர் காரணவர். திருவிதாங்கூர் நாயர்களிடமும் இந்த முறை இருந்தது. ஆனால் அங்கே பெண் பொதுவாகத் தன் தறவாட்டிலேயே, அதாவது தாய்வீட்டிலேயே, இருப்பாள். பிள்ளைகளும் தாய்வீட்டுச் சொத்தில் வளர்வார்கள். தகப்பன் சொத்து வராவிட்டாலும் மாமன் சொத்து காலடியிலேயே இருக்கும். கணக்கு நேராகிவிடும்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் கணக்கு கோணலாகிறது. இங்கே கல்யாணம் ஆனதும் பெண் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அங்கே சமைக்கிறாள், நெல் அவிக்கிறாள், பிள்ளை பெறுகிறாள். அந்தப் பிள்ளைகள் அந்த முற்றத்தில் ஓடி விளையாடுகிறார்கள். ஆனால் வீடு அவர்களுக்கு இல்லை. புருஷன் கண்ணை மூடினால் எங்கோ வளரும் மருமகன் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். இவள் பிள்ளைகளோடு தன் சகோதரன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பெற்ற மகனுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு கிடைக்கலாம். அதற்குமேல் கேட்க வாயில்லை.

இப்போது அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். இருப்பவர்களுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவர்கள் அங்கே இல்லை. காரணவருக்குப் பெற்ற பிள்ளைகள்மேல் பாசம் இருக்காதா? இருக்கும். நாலு காசை அவர்கள் பக்கம் தள்ளத் தோன்றும். மருமகனுக்குச் சந்தேகம் வரும், வழக்கு வரும், வக்கீல் வருவார். கடைசியில் வயல் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். மான்மியத்தில் ஒரு படலத்துக்குக் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்றே பெயர். கோடு என்றால் கோர்ட்டு. தலைப்பிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

இதையெல்லாம் கவிமணி யார் வாயால் சொல்லவைக்கிறார்? ஒரு காரணவருடைய ஐந்தாவது மனைவியின் வாயால். அங்கேதான் அவர் பெரிய எழுத்தாளர். காரணவரைப் பேசவிட்டிருந்தால் அது நியாயம் பேசுகிற நூலாகியிருக்கும். மருமகனைப் பேசவிட்டிருந்தால் வழக்குரையாகியிருக்கும். எதுவுமே தன் பேரில் இல்லாத ஒருத்தி அடுக்களையில் நின்று பேசும்போது இரண்டு பக்கத்துச் சுயநலமும் தெரிகிறது. மாமியார் நடத்தும் ஆட்சிக்கு ‘மாமி அரசியற் படலம்’ என்று காவியத் தோரணையில் பெயர் வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே படிப்போம். நாலு வரி தள்ளி, எதற்குச் சிரித்தோம் என்று சங்கடமாக இருக்கும்.

கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-இல், திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பெற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை கிடைத்தது. இந்தப் பாட்டுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று மேடையில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. நாயர்களுக்கான சட்டங்கள் 1912-லும் 1925-லும் வந்துவிட்டன. சமுதாயத்துக்குள்ளும் சீர்திருத்தம் பேசியவர்கள் இருந்தார்கள். பாட்டு செய்தது வேறு. வீட்டுக்குள் மூடிவைத்திருந்த வெட்கத்தை ஊர் கூடிச் சிரிக்கும் விஷயமாக்கியது. சிரித்த பிறகு அதே முறையைக் கௌரவம் என்று கட்டிக்காப்பது எளிதல்ல.

சாயா ஆறுகிறது, குடியுங்கள். அடுத்தது நாஞ்சில் நாடன். இங்கிருந்து தூரமில்லாத வீரநாராயணமங்கலத்துக்காரர். முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’, 1977-இல் வந்தது. அந்தச் சட்டத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து. இப்போது மக்கள்வழி வந்துவிட்டது, தகராறு தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? தீரவில்லை, ஆள் மாறிவிட்டது. சிவதாணு படித்தவன், வேலை இல்லாதவன், ஏழை. வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறான். சொத்தும் சொல்லும் மாமனாரிடம்.

மான்மியத்தில் மனைவி பட்ட பாடு இங்கே மகளைக் கட்டிய மருமகன் தலையில் விழுகிறது. இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் சோற்றைத் தின்று, தன்மானத்தைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்காமல், திட்டாமல், ஒரு பார்வையிலும் பந்தியில் ஒரு சொல்லிலும் மனிதனைச் சிறுக்கவைக்க முடியும் என்பதை இந்த நாவல் அளவுக்குப் பொறுமையாகக் காட்டியவை குறைவு. தங்கர் பச்சான் இதை ‘சொல்ல மறந்த கதை’ என்று 2002-இல் படமாக்கினார். படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கலாம். நாஞ்சில் நாட்டுப் பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் நாவல்தான் வழி.

ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இல் வந்தது. மண் மாறுகிறது: வயல் போய்ப் பனைவிளை வருகிறது, வேளாளர் போய்க் கிறிஸ்தவ நாடார் குடும்பம் வருகிறது. பழைய பெருமை பேசும் வீடு, ஆனால் செழிப்பு போய்விட்டது. வயதுக்கு வந்த லிஸியை அந்தப் பெருமைதான் உள்ளே அடைத்துவைக்கிறது. அவள் மனம் போவது ஒரு பனையேறியின் மகனிடம். இங்கே வீட்டைவிட வீட்டின் பேர்தான் பெரிய சொத்து. விற்கவும் முடியாது, பங்குவைக்கவும் முடியாது; அதன் பாரம் மட்டும் பெண்பிள்ளைமேல். இதில் எனக்குப் பிடித்தது ஆசிரியரின் குரல். ஒருவரையும் வில்லனாக்குவதில்லை, ஒருவரையும் தப்பவிடுவதுமில்லை.

கிருஷ்ணன் நம்பி நம் பக்கத்து அழகியபாண்டிபுரத்துக்காரர். 1932-இல் பிறந்து 1976-இல் போய்விட்டார். ‘மருமகள் வாக்கு’ சிறுகதை போதும் அவரை அறிய. வேலை முழுக்க மருமகள் ருக்மிணி தலையில், அதிகாரம் முழுக்க மாமியார் கையில். ஊரில் தேர்தல், பூனைச் சின்னமும் கிளிச் சின்னமும் போட்டி. மருமகள் எதற்குப் போட வேண்டும் என்று மாமியார் தீர்மானித்துவிடுகிறாள். முடிவைச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் யோசியுங்கள்: ருக்மிணியின் பேர் எழுதிய காகிதம் அந்த வீட்டில் வாக்காளர் சீட்டு ஒன்றாகத்தான் இருக்கும். அதையாவது அவளால் தன்னுடையது என்று நினைக்க முடிகிறதா என்பதுதான் கதை.

என் கேள்விக்கு அகப்படாத புத்தகமும் உண்டு: சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ வரிசையில் ஜீவாவைப் பற்றியது. ப. ஜீவானந்தம் இந்தப் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்தவர். 1952-இல் சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். அவர் 1963-இல் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய கட்டுரையின் பெயர் ‘காற்றில் கலந்த பேரோசை’. மற்றக் கதைகளில் மனிதர்கள் எந்த வீட்டில் நிற்கிறார்கள் என்பதை வைத்து அவர்களைப் புரிந்துகொள்கிறோம். ஜீவாவுக்கு வீட்டின் இடத்தில் மேடை இருக்கிறது. சொத்துக் கணக்கு விளக்காத மனிதர்களும் உண்டு என்பதற்காகவே இதையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

படிக்கிற வரிசை கேட்டால், நம்பியில் தொடங்குங்கள். ஒரு சாயா நேரத்தில் முடிந்துவிடும். பிறகு தலைகீழ் விகிதங்கள், புத்தம் வீடு. மான்மியத்தைக் கடைசியில், வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உகந்துடைமை என்று கேட்டதும் அவர்கள் குடும்பத்து வழக்கு ஒன்று வெளியே வரும். அது புத்தகத்தில் கிடைக்காத உரை.

இன்னொரு நாவலுக்காகவும் காத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டத்திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு தந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. இன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பி வேனில் கூட்டிவர, சகோதரிகள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டால், பிறந்த வீட்டு வாசல் அடைபடக்கூடாதே என்கிறார்கள். ஒரு காலத்தில் சொத்தெல்லாம் சகோதரி வழியாகவே இறங்கிய ஊர் இது. அதே ஊரில் சகோதரி தன் பங்கை எழுதிக்கொடுக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்? கவிமணியின் ஐந்தாவது மனைவியைப் போல, பேனாவைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணே அதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.