முத்துக்குள்ளே கடல்!

முடிவே இல்லாமல் ஓடும் படத்தின் ரகசியம்

கம்ப்யூட்டர் திரையில் தூத்துக்குடி கடலும் ஊரும் தெரிகின்றன. படம் மெல்லப் பெரிதாகிறது. ஊரின் நடுவே மில்லர்புரத்துத் தெரு ஒன்று தெரிகிறது. தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை. திண்ணையில் ஒரு சிறுமி. அவள் கையில் சிப்பி. சிப்பிக்குள் முத்து. முத்தின் பளபளப்பில் மறுபடியும் அதே கடல், அதே ஊர்!

இப்படி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். முடிவே கிடையாது. இதற்கு எத்தனை ஆயிரம் படங்கள் வேண்டும்?

ஐந்தே போதும்! கடல், தெரு, திண்ணை, சிப்பி, முத்து. அவ்வளவுதான்.

தந்திரம் என்ன?

ஐந்து படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும், அதற்கு முந்திய படத்தின் நடுவில், நான்கில் ஒரு பங்கு அகலத்தில் உட்காரும். ஓரங்களை மங்கலாக்கினால் ஒட்டுப்போட்டது தெரியாது. பிறகு எல்லாப் படங்களையும் ஒரே சமயத்தில் பெரிதாக்க வேண்டும்.

தெருப் படம் திரையை நிறைக்கும்போது, கடல் படம் முழுவதும் வெளியே போய்விடும். உடனே அதைக் கடுகளவாகச் சுருக்கி, முத்தின் நடுவே வைத்துவிட வேண்டும். மற்றப் படங்களுக்கும் இதே கதிதான். ராட்டினத்தில் அதே பெட்டிகள் சுற்றிச் சுற்றி வருவது போல, அதே ஐந்து படங்கள் வருகின்றன!

ஒரு சுற்று முடியும்போது 1,024 மடங்கு உள்ளே போய்விட்டதாகக் கண் நினைக்கும். இரண்டு சுற்றில் பத்து லட்சம் மடங்குக்கு மேல்!

வேகம் ஜாக்கிரதை

முதல் வினாடியில் இரு மடங்கு ஆனால், அடுத்த வினாடியிலும் இரு மடங்கு ஆக வேண்டும். 1, 2, 4, 8 என்று பெருக வேண்டும். 1, 2, 3, 4 என்று கூட்டினால் ஓட்டம் தளர்ந்துவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஈம்ஸ் தம்பதி

1977-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 'பவர்ஸ் ஆப் டென்' என்ற குறும்படத்தை வெளியிட்டனர். சிகாகோ நகரில் புல்தரையில் படுத்திருக்கும் ஒரு மனிதனிடம் படம் தொடங்குகிறது. பத்து வினாடிக்கு ஒரு முறை தூரம் பத்து மடங்காகி, விண்மீன் கூட்டங்களையும் தாண்டுகிறது. பிறகு திரும்பி வந்து, அவன் கைக்குள் புகுந்து, அணுவின் உள்ளே போகிறது.

இந்தத் தம்பதிக்கு இந்தியா புதிதல்ல. 1958-ல் அவர்கள் நம் அரசுக்கு அளித்த அறிக்கையை அடுத்து, 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

2004-ல் ஓவியர்கள் பலர் சேர்ந்து, 'ஜூம்குவில்ட்' என்ற முடிவில்லாப் படத்தை இணையத்தில் ஓடவிட்டார்கள்.

தலை சுற்றுமா?

சிலருக்குச் சுற்றும், குமட்டலும் வரும். ஆகவே, படம் செய்கிறவர்கள் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் வைக்க மறக்கக் கூடாது. அசைவைக் குறைக்கும் வசதி கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் உண்டு. அதைப் போட்டிருப்பவர்களுக்குப் படம் அசையாமல் நிற்கும்படி செய்துவிட வேண்டும்.

முடிவில்லாத படத்தையும் முடித்து வைக்க ஒரு வழி வேண்டும் அல்லவா?