9.4 லட்சம் பேருக்கும் 3 சீட்... 91 ஆயிரம் பேருக்கும் 3 சீட்! ரோடா, பஸ்ஸா என முடிவெடுப்பது யார்?

உங்க வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நேரடி பஸ் இல்லை. ஆனா, அதே வழியில் புதுசா ஒரு மேம்பாலம் வருது. கார் இருக்கிறவங்களுக்கு ஜாலி. பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு?

‘பாலமா, பஸ்ஸா’ என்று முடிவெடுக்க எங்கோ ஒரு கூட்டம் நடந்திருக்கும். அதில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று யாராவது கேட்டிருப்போமா? அமெரிக்காவின் மில்வாக்கியில் இந்தக் கேள்வி பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த போர்டு என்ன செய்யும்?

அமெரிக்காவில் 50,000-க்கு மேல் மக்கள் வசிக்கும் ஒவ்வொரு நகரப் பகுதிக்கும் ஒரு போக்குவரத்துத் திட்டக் குழு இருந்தாக வேண்டும். சுற்றியுள்ள நகரங்கள், புறநகர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது திட்டம் போடும். அந்தத் திட்டத்தில் இடம்பெறாத ரோட்டுக்கோ ரயிலுக்கோ மத்திய அரசின் பணம் கிடைக்காது. அவ்வளவு பவர்!

ஆனால், அந்தக் குழுவில் மக்கள்தொகைக்கு ஏற்ப ஓட்டு இருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதை அந்தந்தப் பகுதியே முடிவு செய்துகொள்ளலாம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மில்வாக்கி கணக்கு

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்கிழக்கில் 7 கவுன்ட்டிகள் இருக்கின்றன. கவுன்ட்டி என்றால், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. இந்த ஏழுக்கும் சேர்த்து 1960-ல் ஒரு திட்டக் குழு அமைக்கப்பட்டது. கவுன்ட்டிக்கு 3 பேர் வீதம் மொத்தம் 21 உறுப்பினர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு, இல்லையா?

2020 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்க:

• மில்வாக்கி கவுன்ட்டி: 9,39,489 பேர் – 3 சீட்
• ஒஸாக்கி கவுன்ட்டி: 91,503 பேர் – அதே 3 சீட்

அதாவது, ஒஸாக்கியில் சுமார் 30,500 பேருக்கு ஒரு உறுப்பினர். மில்வாக்கியில் 3.13 லட்சம் பேருக்கு ஒருவர். ஒஸாக்கிவாசி ஒருவரின் குரல், மில்வாக்கிவாசிகள் 10 பேரின் குரலுக்குச் சமம்!

இன்னொரு கணக்கும் இருக்கு. மக்கள்தொகையில் சிறிய 4 கவுன்ட்டிகளைச் சேர்த்தால் சுமார் 5 லட்சம் பேர். மொத்த மக்களில் கால் பங்கு. ஆனா, அவர்களிடம் 21-ல் 12 சீட். கால் பங்கு மக்களின் பிரதிநிதிகள் நினைத்தால் மெஜாரிட்டி ரெடி. 46 சதவிகிதம் பேர் வாழும் மில்வாக்கி கவுன்ட்டிக்கு 14 சதவிகித ஓட்டுதான். 5.77 லட்சம் பேர் வசிக்கும் மில்வாக்கி மாநகருக்கென்று தனி சீட் கிடையாது.

சரி, இதனால் என்ன நஷ்டம்?

புறநகரில் வீட்டுக்கு வீடு கார். அங்கிருப்பவர்களுக்கு அகலமான நெடுஞ்சாலை வேண்டும். மாநகரில் கார் இல்லாத குடும்பங்கள் அதிகம். அவர்களில் கறுப்பினத்தவர்களும் ஹிஸ்பானியர்களும் கணிசம். அவர்களுக்குத் தேவை பஸ். புறநகர்த் தொழிற்பேட்டையில் வேலை காலியாக இருந்தாலும், போய்ச் சேர பஸ் இல்லையென்றால் அந்த வேலை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த இழுபறி கோர்ட் வரை போனது. மில்வாக்கியில் உள்ள ‘ஜூ இன்டர்சேஞ்ச்’ என்ற பெரிய நெடுஞ்சாலைச் சந்திப்பைச் சுமார் 170 கோடி டாலரில் விரிவாக்க மாநில அரசு இறங்கியது. ‘பஸ் வசதியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை’ என்று 2012-ல் உள்ளூர் அமைப்புகள் இரண்டு வழக்கு போட்டன. வழக்கு, திட்டக் குழு மீது அல்ல; மாநில, மத்திய போக்குவரத்துத் துறைகள் மீது. 2014-ல் சமரசம் ஏற்பட்டது. பஸ் சேவைக்குக் கிடைத்தது 1.35 கோடி டாலர். 170 கோடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

அந்தப் பணத்தில் புறநகர் வேலை இடங்களுக்குப் புது பஸ்கள் ஓடின. பணம் தீர்ந்ததும் நின்றன. இன்டர்சேஞ்ச் மட்டும் அப்படியே இருக்கிறது.

‘ஒருவருக்கு ஒரு ஓட்டு’ விதி என்னாச்சு?

1990-ல் சியாட்டில் பகுதியில் பஸ் சேவையை நடத்திவந்த ‘மெட்ரோ’ கவுன்சிலின் அமைப்பே, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற விதியை மீறுவதாக மத்திய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அந்த அமைப்பு கிங் கவுன்ட்டி நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது.

அப்போ மில்வாக்கியில் ஏன் அது நடக்கவில்லை? அங்கே உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்ட்டி போர்டும் மாநில ஆளுநரும் நியமிக்கிறார்கள். நியமனக் குழுக்களுக்கு இந்த விதி பொதுவாகப் பொருந்தாது.

இதற்குத் தீர்வே இல்லையா?

கலிஃபோர்னியாவின் சான் டியாகோ ஒரு வழி கண்டது. அங்கே 18 நகரங்களும் கவுன்ட்டியும் ஒரே போர்டில் இருக்கின்றன. முன்பு ஒரு தீர்மானம் ஜெயிக்க, ‘ஊருக்கு ஒரு ஓட்டு’, ‘மக்கள்தொகைக்கு ஏற்ற ஓட்டு’ என இரண்டிலும் வெல்ல வேண்டும். 2017-ல் மாநிலச் சட்டம் இதை மாற்றியது. குறைந்தது 4 உறுப்பு அமைப்புகள் சேர்ந்து, மக்கள்தொகை ஓட்டில் 51 சதவிகிதம் இருந்தாலே போதும்.

இப்போ கோபம் சின்ன ஊர்களுக்கு. ‘பெரிய நகரம் நினைத்ததுதான் நடக்குமா?’ என்கிறார்கள். 2023 தொடக்கத்தில், தலைமைப் பதவிக்கு நடந்த தேர்வை எதிர்த்துச் சில ஊர்களின் பிரதிநிதிகள் வெளிநடப்பே செய்தார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கு. அதற்காகத்தான் ‘குறைந்தது 4 பேர்’ என்ற பூட்டு. பெரியவர் தனியாக ஜெயிக்க முடியாது. சின்னவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் பெரும்பான்மை மக்களை ஒதுக்க முடியாது.

நம்ம ஊரில் எப்படி?

சென்னைக்கு ‘கும்டா’ எனும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2010-ல் சட்டம் வந்தது. 2022-ல்தான் முதல் கூட்டம் நடந்தது. தலைவர் முதலமைச்சர். அமைச்சர்கள், துறைச் செயலாளர்கள், போக்குவரத்து நிறுவனங்களின் உயரதிகாரிகள்தான் பெரும்பாலான உறுப்பினர்கள்.

ஆனால், நம் அரசியல் சாசனத்தின் 243ZE பிரிவு வேறொரு மாடலைக் காட்டுகிறது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதியில் திட்டக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பேர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால், தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நகராட்சி, ஊராட்சி மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் பிரிய வேண்டும் என்கிறது. மில்வாக்கி மக்கள் கேட்கும் கணக்கு, நம் சாசனத்தில் 1993-லிருந்தே இருக்கிறது!

அடுத்த முறை ‘புது மேம்பாலம் வருது’ என்று நியூஸ் வந்தால், எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாதீங்க. அந்த மீட்டிங்கில் உங்க ஏரியாவுக்கு ஒரு ஓட்டு இருந்ததா என்றும் கேளுங்க.