பாதி அலை எங்கே போனது?

நான்கு டையோடுகள் கொண்ட பால அலைதிருத்தியை ஆய்வகத்தில் அமைத்துக் காட்டும் இயற்பியல் ஆசிரியர்கள் இதைச் சந்தித்திருக்கலாம். சுற்று சரியாக இருக்கும். ஆனால் சி.ஆர்.ஓ. என்று நாம் அழைக்கும் அலைநோக்கியின் திரையில் 10 மில்லி நொடிக்கு ஒரு மேடு வருவதற்குப் பதிலாக, 20 மில்லி நொடிக்கு ஒன்றுதான் வரும். முழு அலை கேட்டால் அரை அலை!

"ஒரு டையோடு போயிடுச்சு சார்" என்றார்கள் என் மாணவர்கள். நியாயமான ஊகம்தான். ஒரு டையோடு திறந்துபோனாலும் இதே வடிவம்தான் கிடைக்கும். நான்கையும் மாற்றினார்கள், அலை மாறவில்லை. அதற்குள் ஒரு டையோடு மட்டும் நன்றாகச் சூடாகியிருந்தது. 6 வோல்ட் மின்மாற்றி, 1 கிலோ ஓம் பளு; ஓடுவது சில மில்லி ஆம்பியர். இதில் எதுவும் சூடாகக் கூடாது. அந்தச் சூடுதான் எனக்குத் துப்பு.

உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒன்றாகப் பார்க்க இரு சேனல்களையும் இணைத்திருந்தார்கள். ஒரு கருப்புக் கிளிப் மின்மாற்றியின் 'ஆ' முனையில். மற்றொன்று பளுவின் எதிர்முனையில். இரு கிளிப்புகளும் கருவிக்குள் ஒரே புள்ளியில் சேர்பவை. எனவே அந்த இரு முனைகளுக்கு இடையிலுள்ள டையோடின் குறுக்கே கம்பி போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

'அ' முனை நேர்குறியாக உள்ள அரைச்சுற்றில் எதுவும் தெரியாது. மின்னோட்டம் பளுவைக் கடந்து, கிளிப் வழியாக 'ஆ'வுக்குத் திரும்பிவிடும். 'ஆ' நேர்குறியாகும்போதுதான் வினை. மின்னோட்டம் பளுவை எட்டிப் பார்க்காமல் கிளிப் வழியே எதிர்முனைக்கு வந்து, அங்கிருந்து 'அ'வுக்குச் செல்லும் டையோடு வழியாகத் திரும்பிவிடும். வழியில் தடுக்க மின்தடை ஏதுமில்லை. விட்டுவைத்தால் மின்மாற்றியும் சூடாகும்.

பாடநூலில் உள்ள இரு டையோடு முழு அலைதிருத்தியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மின்மாற்றியின் மையமுனைதான் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பொது. அதே பழக்கத்தில் பாலத்துக்கும் இணைத்துவிடுகிறார்கள்.

சோதிக்க எளிய வழி: பளுவின் குறுக்கே மல்டிமீட்டரை நேர்த்திசை அளவில் வையுங்கள். உள்ளீட்டுக் கிளிப்பைக் கழற்றியதும் அளவு ஏறத்தாழ இரு மடங்கானால் டையோடுகள் மீது குற்றமில்லை.

இரண்டையும் ஒருசேரக் காட்டத்தான் வேண்டுமா? நான் முதலில் உள்ளீட்டை மட்டும் காட்டி, வரைந்துகொள்ளச் சொல்லி, பிறகு வெளியீட்டுக்கு மாறுகிறேன். இதற்காக அலைநோக்கியின் பிளக்கில் உள்ள எர்த் முனையை நீக்கிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஆபத்து; சேனல்களுக்கு இடையிலான இணைப்பும் அதனால் அறுபடாது.

இப்போது மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்: கிளிப்பை 'அ' முனைக்கு மாற்றியிருந்தால் எந்த டையோடு சூடாகியிருக்கும்? தாளில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும்.