சேதுச் சீமையின் ஆளுங்கட்சித் தொகுதி

அரசு ஊழியர்களிடையே இராமநாதபுரத்துக்கு ஒரு பழைய பட்டம் உண்டு: தண்ணியில்லாக் காடு. மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டால் மாற்றல் உத்தரவு வரும் ஊர். இவ்வளவு ஒதுக்குப்புறமான ஊர், கோட்டையில் யார் உட்காருவார்கள் என்பதை மட்டும் நெடுங்காலம் தவறவிடவே இல்லை. 1967 முதல் 2021 வரை நடந்த பதின்மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் இராமநாதபுரத்தில் வென்றவர் ஆட்சியைப் பிடித்த கட்சிக்காரராகவோ அதன் கூட்டணிக்காரராகவோதான் இருந்திருக்கிறார்.

"எதிர்க்கட்சி ஆளை அனுப்பி என்ன செய்ய?" என்று டீக்கடையில் இதற்கு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாக்குப்பதிவு நாளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் படுகிற காரணம் வேறு. மறவர், முஸ்லிம், மீனவர், தேவேந்திரகுல வேளாளர், யாதவர், நாடார் என்று எந்தத் தனிச் சமூகமும் தன் பலத்தில் மட்டும் வென்றுவிட முடியாத கலவை இது. தனிக்கோட்டை எவருக்கும் இல்லாத இடத்தில், மாநிலம் முழுக்க அடிக்கிற காற்று தடையில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது.

தனிக்கோட்டை ஒருகாலத்தில் இருந்தது, அரண்மனைதான். அந்தக் கதையின் தொடக்கமே விசித்திரம். 1937 சென்னை மாகாணத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் நின்ற முத்துராமலிங்கத் தேவர், இராமநாதபுரம் ராஜாவையே தோற்கடித்தார். அப்போது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஜமீனுக்குத் தீர்வை கட்டிச் சலித்த கை ராஜாவுக்கு ஓட்டுப் போடவில்லை. பிறகு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, சமஸ்தானம் போனது. 1952இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. அரண்மனை அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு. ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி சுயேச்சையாக நின்று வென்றார், 1957இல் மறுபடியும் வென்றார். ராஜாஜி அமைச்சரவையிலும் காமராஜ் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

தீர்வை வசூலித்தவரைத் தோற்கடித்த சீமை, தீர்வை போனபின் சேதுக்கரையின் காவலரான சேதுபதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. ராமேஸ்வரம் கோயிலுக்குச் சேதுபதிகள் செய்த திருப்பணிகள் ஊர் அறிந்தவை. தேர்தலில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்தது.

பக்கத்தில் முதுகுளத்தூர் வேறு பாதையில் போனது. 1957இல் தேவர் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து வென்று, சட்டமன்ற இடத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் வந்தது, அதையடுத்துக் கலவரம் வந்தது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தேவேந்திரகுல வேளாளர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அந்தக் காயத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இரண்டு பத்தியில் அடக்குவது நியாயமாகாது.

இராமநாதபுரத்தில் 1967இல் தி.மு.க. வந்தது. 1971இல் அதே கட்சியின் எம்.எஸ்.கே. சத்தியேந்திரன். 1977இலிருந்து மூன்று முறை தொடர்ச்சியாக அ.தி.மு.க.வின் டி. ராமசாமி. இதில் 1980ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரம் தி.மு.க.வின் சத்தியேந்திரனை டெல்லிக்கு அனுப்பியது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, ஆட்சி கலைக்கப்பட்ட எம்.ஜி.ஆரின் வேட்பாளருக்கே வெற்றி. நாலைந்து மாதத்தில் காற்று திரும்பியது, தொகுதியும் கூடவே திரும்பியது. 1989இல் தி.மு.க.வின் எம்.எஸ்.கே. ராஜேந்திரன், 1991இல் அ.தி.மு.க.வின் தென்னவன். 1996இல் வென்ற தி.மு.க.வின் ரகுமான்கான், சட்டமன்றத்தில் துரைமுருகன், சுப்பு ஆகியோரோடு சேர்த்து 'இடி, மின்னல், மழை' என்று பேசப்பட்டவர். அவரும் அமைச்சர் ஆனார், 2001இல் அவரை அடுத்து வந்த அ.தி.மு.க.வின் அன்வர் ராஜாவும் அமைச்சர் ஆனார்.

வரைபடத்தில் இந்தத் தொகுதி ஒரு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. மண்டபம் வரை நிலம், அப்பால் பாம்பன் கால்வாய், அதற்கப்பால் ராமேஸ்வரம் தீவு. 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில் அல்லது படகுதான். ஓட்டுப்பெட்டிக்கும் வேறு வழி கிடையாது. தீவின் கிழக்கு நுனியில் இருந்த தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரே வாக்காளர் பட்டியலில் இடம் மாறியது.

மீனவர் ஓட்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கும். 2016 சட்டமன்றத் தேர்தல், 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்கள் எல்லாம் தடைக்காலத்துக்குள் வந்தவை. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்கள் அப்போது வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் கரையில் இருப்பார்கள். வேட்பாளர்களுக்கு இதைவிட வசதி ஏது?

அன்வர் ராஜாவுக்கு அடுத்து கூட்டணிக் காலம். 2006இல் தி.மு.க. அணியில் காங்கிரசின் ஹசன் அலி. 2011இல் அ.தி.மு.க. அணியில் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா, இரட்டை மெழுகுவர்த்திச் சின்னத்தில். ஐந்து வருடம் கழித்து அதே ஜவாஹிருல்லா தி.மு.க. அணியிலிருந்து நின்றார், தொகுதி அ.தி.மு.க.வின் மணிகண்டனுக்குப் போனது. மணிகண்டன் அமைச்சராகி, 2019 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். 2021இல் பா.ஜ.க.வின் குப்புராமுவை வென்றவர் தி.மு.க.வின் காதர்பாட்சா முத்துராமலிங்கம். முஸ்லிம் பெயரும் இந்துப் பெயரும் சேர்ந்த அந்தப் பெயரைப் பாருங்கள், இந்தக் கடற்கரையில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

சரி, எப்போதும் ஆளுங்கட்சிப் பக்கம் நின்றதில் கிடைத்தது என்ன? 616 கோடி ரூபாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. இவை சிறியவை அல்ல. ஆனாலும் கோடையில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் தண்ணீருக்கு அலைவது இந்த மாவட்டத்தில் இன்னும் நிற்கவில்லை.

கச்சத்தீவு வேறு கணக்கு. சேதுபதிகளின் ஜமீனோடு சேர்ந்திருந்த அந்தத் தீவை 1974இல் இந்தியா இலங்கைக்கு விட்டுக்கொடுத்தபோது, இராமநாதபுரத்தின் எம்.பி. மூக்கையாத் தேவர் மக்களவையில் எதிர்த்துப் பேசினார். எதுவும் மாறவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று, தீவை மீட்கச் சொல்லித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்துக்கு மேல் ஒரு எம்.எல்.ஏ.வின் கை நீளாது. ஆனால் பிரச்சாரத்தில் குடிதண்ணீரைவிடக் கச்சத்தீவுக்குத்தான் மைக்கின் சத்தம் கூடுகிறது. ஓட்டுக் கேட்பவர்களுக்கு அது வசதியான பேச்சு, ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து யாரும் கணக்குக் கேட்க முடியாது.

காற்றை நம்பாமல் ஆளை நம்பி இங்கே ஒருவர் வந்து பார்த்ததும் உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பா.ஜ.க. ஆதரவுடன் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டார்கள். அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கே பழகிய கை பலாப்பழத்தைத் தேட வேண்டும், அதிலும் சரியான பன்னீர்செல்வத்தைத் தேட வேண்டும். அப்படியும் அவருக்கு 3,42,882 வாக்குகள் விழுந்தன, அ.தி.மு.க.வின் அதிகாரபூர்வ வேட்பாளரைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாமிடம் பிடித்தார். தி.மு.க. அணியில் முஸ்லிம் லீகின் நவாஸ் கனி 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். மற்ற ஐந்து பன்னீர்செல்வங்களின் ஓட்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது.