கூடாரம் போட்ட சகோதரர்கள்

தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டி எந்தெந்த ஊருக்கோ போகிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் சபைகளிலிருந்து அடுத்த ஊருக்கு ஊழியத்துக்கு நடந்து போக ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆள் அனுப்பிய சகோதர சங்கங்கள் இங்கே இருந்தன.

புராட்டஸ்டண்ட் சகோதர சங்கம் என்றதும் மேல்நாட்டாருக்கு அயர்லாந்தின் ஆரஞ்சு சங்கம்தான் நினைவுக்கு வரும். 1795-இல் அர்மா பகுதியில் பிறந்தது. கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் தோற்றதை ஆண்டுதோறும் ஜூலை 12-இல் ஆரஞ்சுப் பட்டை, கொடி, பெரிய மேளத்தோடு ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். கத்தோலிக்கரை மணக்கக் கூடாது என்பது விதி. எதிரி ஒருவர் இல்லாவிட்டால் அந்த ஊர்வலம் எங்கே போகும்?

நம் பக்கத்துச் சங்கங்களுக்கு மேளம் கிடையாது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய தரும சங்கத்தின் வேலை, துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்குக் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பது.

திருநெல்வேலியின் வடபகுதிக்கு வந்தது வேறு வகை. கேம்பிரிட்ஜில் கல்லூரிப் பதவியை விட்டு வந்த ராக்லண்ட் 1854-இல் ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கூடாரம் அடித்தார். பங்களா இல்லை. சில நாள் ஓர் ஊர், பிறகு கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த ஊர். கரிசல் வெயிலில் அது என்ன பாடு என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே அவர் இறந்தபோது வயது 43.

வெள்ளைக்காரர் கதையோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்தது. திருநெல்வேலியின் தென்பகுதிச் சபையார் உபதேசியார்களை மாதமுறை வைத்து வடக்கே அனுப்பினார்கள். ஒரு மாதம் ஊழியம், பிறகு ஊர் திரும்பல், அடுத்தவர் முறை. செலவு சபையாருடையது, பனையேறிகளின் காசும் அதில் இருந்தது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றி, தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியபோதும் அதே துணிச்சல்தான்: இந்தியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அசரியா அதன் செயலாளர், 1912-இல் பேராயரானார்.

மிஷன் கிராமத்தைப் பிளந்தது என்பவர்களும் உண்டு. ‘சகோதரரே’ என்று அழைத்தவர்கள் கல்யாணப் பேச்சில் சாதி பார்த்ததும் உண்மை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

என் கவலை வேறு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே போட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. இன்று காணிக்கை கைப்பேசியில் போகிறது. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். அசனச் சோறும் ருசிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு போன தூரத்துக்கு ஆள் போவதில்லை. சந்தா கட்டிவிட்டால் சகோதரத்துவம் முடிந்தது என்றாகிவிட்டது. முடியாமல் கிடக்கும் கிழவியைப் போய்ப் பார்ப்பதற்குக்கூடச் சம்பள ஊழியரைத்தான் தேடுகிறோம்.

பழைய மாதமுறையை ஏதாவது ஒரு சேகரம் ஓர் ஆண்டுக்கு நடத்திப் பார்க்கலாம். தீபாவளிச் சீசனில் தையல் மிஷினை விட்டு வர முடியாது என்பார்கள். சரி, கார்த்திகையிலிருந்து முறை போடட்டும்.