பழைய படம் பார்க்க ஒரு அட்டவணை

இன்னைக்கு ஒரே விஷயம்தான்: பழைய படங்களை விட்டுவிடாம பார்க்க அட்டவணை போடுறது எப்படி?

‘கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு படம்’னு ஒரு லிஸ்ட் நம்மில் பலர் போன்ல கிடக்கும். அது அட்டவணை இல்ல. அதுல படம் இருக்கு, நேரம் இல்ல.

அதனால முதல்ல வாரத்தை எண்ணுங்க. நான் இருக்கிறது தென்காசி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலம் சீசன். சாரல் விழுந்தா போதும், மெட்ராஸ்ல இருந்து சொந்தக்காரங்க வந்து இறங்கிருவாங்க. டிவி ரிமோட் என் கையில இருக்காது. அந்த மூணு மாசத்தை விட்டுட்டேன். மீதி ஒன்பது மாசம், மாசத்துக்கு ரெண்டு, மொத்தம் 18 படம். பழைய படம் பலதும் ரெண்டரை மணி நேரத்தைத் தாண்டும். ‘இடைவேளை’ன்னு போடுற இடத்துல நிறுத்திருங்க. சனிக்கிழமை பாதி, ஞாயிறு மீதி. இடைவேளையை மனசுல வச்சு எழுதின கதைங்கிறதால அறுந்த மாதிரி இருக்காது.

அடுத்தது வரிசை. ரேட்டிங்படி போனா நாலாவது படத்துல சலிப்பு தட்டிரும். ஏதாவது ஒரு தொடர்பைப் பிடிச்சுட்டுப் போங்க. நான் பிடிச்சது பக்கத்து ஊர் செங்கோட்டையை. நாடக மேடையில பாடிப் பேர் வாங்கின எஸ்.ஜி. கிட்டப்பாவோட ஊர். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல. கிட்டப்பா 1933-லயே இறந்துட்டார். அவரை இசைத்தட்டுல கேட்கலாம். அவரோட மேடையில பாடின அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளைத் திரையிலயே பார்க்கலாம்: ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965). ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ.பி. நாகராஜன் பின்னாடி போனா, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968).

மூணாவது, யாரோட பார்க்கப் போறீங்க? என் வரிசை மொத்தமா மாறினது இதுலதான். எங்க ஆச்சி சின்னப்பிள்ளையில இருந்தே இந்தப் படங்களைக் கொட்டகையில பார்த்தவங்க. இப்போ காது வருஷத்துக்கு வருஷம் மந்தமாகிட்டு வருது. அதனால பாட்டுப் படம் எல்லாத்தையும் முதல் மூணு மாசத்துக்குக் கொண்டுவந்துட்டேன். 1954-ல பாட்டே இல்லாம வந்த ‘அந்த நாள்’ கடைசிக்குப் போயிருச்சு. அதை நான் தனியா ஹெட்போன் மாட்டிப் பார்த்துக்குவேன்.

‘ஔவையார்’ ஓடினப்ப, “சத்தத்தைக் கூட்டுல, இந்தம்மா பாட்டுக் கேட்கத்தான அன்னைக்குப் போனோம்”னாங்க. எவ்வளவு கேட்டுச்சோ தெரியல. உதடு மட்டும் பாட்டோட அசைஞ்சுட்டே இருந்துச்சு.

இன்னைக்கு ராத்திரி உங்க லிஸ்ட்டை எடுத்து, ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் கூட உட்காரப் போறவங்க பேரை எழுதுங்க. அப்பாவோ, பாட்டியோ, வெளிநாடு கிளம்பப் போற ஃப்ரெண்டோ. பேர் உள்ள படம் மேல வரட்டும். தனியா பார்க்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.